வயிற்றில் இருந்தவன்

பிப்ரவரி 11

மேல்வரிசைப் பல்செட் ஒன்று சரியாக உட்காரவில்லை. மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பல் செய்யும் லேபில் ரேடியோவைத் தவிரப் பேச ஆளில்லை. வீட்டுக்கு வந்தால் அக்கா. அத்தான் போன பிறகு என்னோடு வந்துவிட்டாள். நானோ கல்யாணமே செய்துகொள்ளாதவன். சண்டைக்கு ஆள் தேடி இருவரும் வெளியே போக வேண்டியதில்லை.

மாலையில் அக்கா மகள் போன் செய்தாள். வேலைக்காக எங்கள் அம்மா பிறந்த நாட்டுக்கே போய்விட்டவள். இப்போது மாசமாக இருக்கிறாள். “மாமா, பாட்டி இங்கதானே பொறந்தாங்க? அதை வச்சு நீங்க ரெண்டு பேரும் குடியுரிமை கேக்கலாமாம்.”

அக்காவுக்குச் சிரிப்பு. “இந்த வயசுல எனக்கு எதுக்குடா புது நாடு? இங்கயே பஸ் நம்பர் தெரியாம முழிக்கிறேன்.”

பிப்ரவரி 26

அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. ஃபோட்டோ எடுக்கப் போன இடத்தில் அக்கா மானத்தை வாங்கினாள். சிரிக்கக் கூடாது என்றால்தான் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அலைச்சல் எல்லாம் எனக்குத்தான். இருக்கட்டும். தனியாகக் கிடந்து சாக வேண்டியதில்லை என்ற நினைப்பே தெம்பாக இருக்கிறது. அங்கேயும் மனிதருக்குப் பல் விழாமலா இருக்கும்?

மார்ச் 14

இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்ததா எனக்கு?

அம்மா பிறந்த நாட்டின் தூதரகத்தில், கவுன்டரில் இருந்த பெண்மணி காகிதங்களைப் புரட்டியபடியே கேட்டார்: “உங்க அம்மா நீங்க இருக்கிற இந்த நாட்டுக் குடியுரிமை எப்போ வாங்கினாங்க?”

தேதி தெரியாது என்று நிறுத்தியிருக்கலாம். எங்கள் வீட்டு விசேஷங்களில் எல்லாரும் சொல்லிச் சிரிக்கும் கதை ஆயிற்றே — உற்சாகமாக எடுத்துவிட்டேன். அம்மா நர்ஸ். நிரந்தர வேலைக்கு இந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். அதற்குப் பிறந்த நாட்டுக் குடியுரிமையைத் துறந்து எழுதிக் கொடுக்க வேண்டும். கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லும்போது பாதியில் வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். அதிகாரி திரும்பக் கூப்பிட்டு முதல் வரியிலிருந்து சொல்ல வைத்தார். “வயித்துல இருந்தது நான்தாங்க!”

அவரும் சிரித்தார். பிறகு பேனா நின்றது.

“அப்போ நீங்க பொறந்தப்போ அவங்க எங்க நாட்டுக் குடிமகளா இல்லையே, சார்.”

“அக்கா?”

“அவங்க அதுக்கு முன்னாடியே பொறந்துட்டாங்க. அவங்களுக்கு உண்டு. உங்களுக்கு இல்ல.” காகிதங்களை அடுக்கியபடி, “நீங்க சொல்லலைன்னாலும் தேதியில தெரிஞ்சிருக்கும்” என்றார். ஆறுதலாம்.

இரண்டாவது பிள்ளை வருகிறதே, நிரந்தர வேலை வேண்டுமே என்றுதான் அம்மா அதைச் செய்தாள். எனக்காகத்தான். யார்மேல் கோபப்படுவது?

மார்ச் 15

அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் என்ன செய்வாள், பாவம்.

ஏப்ரல் 2

“நீ இல்லாம நான் போகல” என்கிறாள். அங்கே அவள் மகளுக்கு ஆகஸ்டில் பிரசவம். பார்த்துக்கொள்ள வேறு நாதி இல்லை. போகச் சொல்லிக் கத்தினேன். “என்னைத் துரத்துறியாடா?” என்று அழுதாள். ஆமாம், துரத்துகிறேன். போகாதே என்று சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில்தான் கத்துகிறேன். அதை எப்படிச் சொல்ல?

ஜூன் 3

அக்காவை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜூன் 19

இன்று காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை என்பது இரவில்தான் தெரிந்தது. ரேடியோவுக்குப் பதில் சொன்னதைச் சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் 8

ஆண் குழந்தை. போனில் அழுகையைக் கேட்க வைத்தாள் அக்கா. “உன் பேரன்டா, வந்து பாரு.” வெளிநாட்டுக்காரனாகத்தான் போக வேண்டும். போகட்டும், ஒரு மாதம் இருந்தால் போதும். விசாவுக்கு எழுதிப் போட்டேன்.

செப்டம்பர் 9

தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இந்தத் தடவை ஓர் இளைஞர்.

“சொந்த வீடு?”

“வாடகை.”

“மனைவி, பிள்ளைங்க?”

“இல்ல.”

“கூடப் பொறந்தவங்க?”

“ஒரு அக்கா. உங்க நாட்டுக் குடிமகள்தான்.” பெருமையாகவே சொன்னேன்.

“சரி, இங்க உங்களுக்கு யார் இருக்காங்க?”

யோசித்தேன். “வேலை இருக்கு” என்றேன்.

செப்டம்பர் 23

விசா இல்லை. இந்த நாட்டோடு எனக்குப் போதிய பிணைப்பு இல்லையாம். திரும்பி வருவேன் என்று நம்ப இடமில்லையாம்.

ராத்திரி அக்கா போன். “விசா வந்துடுச்சாடா?”

நிஜத்தைச் சொன்னால் பிள்ளையைப் போட்டது போட்டபடி கிளம்பி வந்து நிற்பாள்.

“அதெல்லாம் வந்துடுச்சுக்கா. லீவுதான் கிடைக்கல.”

“பல்லு செய்யுற இடத்துல அப்படி என்னடா தலை போற வேலை?”

“ஊர்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல பல்லு விழுதுக்கா.”

வெகுநேரம் சிரித்தாள். அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது என்று போனை வைத்துவிட்டாள்.