மாதாவின் இடது கால்

ஆகஸ்ட் 25, 1974. ஞாயிறு.

காலையில் தூறல். ஒழுகும் இடத்தில் குண்டானை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்ததும் உபதேசியார் (இனி உ. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது) என்னை நிறுத்திக்கொண்டார். மாதா சுரூபத்துக்கு வர்ணம் அடிக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருநாள் கொடியேற்றம், அதற்குள்.

"நீதான லாசரு, பம்பு கம்பெனில பெயின்ட் அடிக்கிறவன். வெளியாளு கைல குடுக்க மனசு வரலப்பா."

பெருமையாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. பழைய போர்வையில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தேன். மூன்றடி, மரம், கையில் குழந்தை இயேசு. முகமெல்லாம் மெழுகுவர்த்திப் புகை. என் சம்சாரம் செசிலி ஒரு கையால் மாதாவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தாள். ஏழாம் மாதம். மெதுவாக வா என்றால் கேட்பதில்லை.

முன்னே இரண்டு தடவை தங்கவில்லை. இந்தத் தடவை சனிக்கிழமை தவறாமல் போய் மாதாவிடம் பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்று கேட்டதில்லை. பேசிவிட்டு வந்த அன்று நன்றாகத் தூங்குகிறாள். எனக்கு அது போதும்.

ஆகஸ்ட் 26, திங்கள்.

நல்ல வெயில். போர்மேன் வரதன் பெயின்ட் ஷெட்டின் மூலையைக் கொடுத்தார். ஷிப்டு முடிந்து செய்துகொள்ளலாம்.

தேவை: நீலம், வெள்ளை, கொஞ்சம் மஞ்சள். உப்புத்தாள். மூன்றாம் நம்பர் பிரஷ். வீட்டுக்கு மண்ணெண்ணெய்.

தப்பு செய்துவிட்டேன். தண்ணீர் பம்புக்கு எப்படிச் செய்வேனோ அப்படியே செய்தேன். தின்னர், கந்தல் துணி, மேலிருந்து கீழே. கரி போகிறதே என்று சந்தோஷமாகத் தேய்த்தேன். கரியோடு கண்ணும் போனது. புருவம், உதடு, எல்லாம். விலகி நின்று பார்த்தால் வெறும் மரம். முதலில் பார்த்து ஒரு தாளில் வரைந்து வைத்திருக்க வேண்டும். பம்புக்கு முகம் கிடையாது, அந்தப் பழக்கமே இல்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செசிலி இத்தனை நாள் பேசிய முகம்.

வீட்டில், "எப்டி வருது?" என்றாள். "வருது" என்றேன். கருவாட்டுக் குழம்பு. பாதியில் எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்.

சாப்பாட்டு நேரத்தில் ரெட் ஆக்சைடு ஒரு கோட்டிங், இரும்பு துருப்பிடிக்காமலிருக்க அடிக்கும் சிவப்பு. மரத்துக்கு அது வேண்டியதே இல்லை, ஆனால் எங்கள் ஷெட்டில் அது இல்லாமல் எதுவும் வெளியே போனதில்லை. கை கேட்கவில்லை. மாதா இப்போது தலைமுதல் கால்வரை செக்கச்செவேல். முகமும் கிடையாது.

லேத்து ஓட்டும் தேசப்பன் பம்பு மூடி எடுக்க உள்ளே வந்தான். பழவேற்காட்டுப் பக்கம், ஏரியில் வலைவீசும் குடும்பம். பார்த்தான், திரும்பி வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான்.

"இன்னாண்ணே, எங்கூரு அம்மன் மாரியே கீறாங்க."

"மூஞ்சியே இல்லடா."

"எங்க ஊட்டாண்ட கீற கல்லுக்குந்தான் மூஞ்சி இல்ல. அதுக்கு இன்னா இப்போ."

மூன்று மணிக்கு வந்து பார்த்தால் காலடியில் ஒரு செம்பருத்தி. வாசலில் நாலைந்து ஜோடி செருப்பு. மூலையில் வெற்றிலை துப்புகிறவன் வெளியே போய்த் துப்பினான். பம்பு மூடியில் பெயின்ட் வழிந்ததற்கு வரதன் என்னைத் திட்ட வந்தார். முதல் வார்த்தை பாதி வந்தது. மூலையைப் பார்த்தார். மீதியை முழுங்கிக்கொண்டு, "பாத்து அடிப்பா" என்றார். நான் சேர்ந்த நாளிலிருந்து அவர் வாயில் இவ்வளவு சுத்தமான வசவு கேட்டதில்லை.

அதே தகரம், அதே தின்னர் நாற்றம். ஆனால் உள்ளே வருகிறவர்கள் நடை வேறு. மனசு கொஞ்சம் தேறியது. தேசப்பன் நன்றாக இருக்க வேண்டும். முகத்துக்கு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்.

பஸ் லேட். விரிசலை அடைக்கும் பட்டி மாவு வைத்து இழைத்தேன். முந்தானையில் விரிசல் இரண்டு, குழந்தை கையில் ஒன்று. இடது கால் பெருவிரல் மேல் ஆழமாக ஒரு பள்ளம், எங்கோ இடித்தது போல. இரண்டு தடவை பட்டி வைத்து உப்புத்தாள் போட்டேன். இப்போது கண்ணாடி மாதிரி. வரதன் தடவிப் பார்த்து, "பாஸ்" என்றார்.

சாயங்காலம் நைசாக விசாரித்தேன், மாதா முகம் எப்படி இருக்கும் என்று.

உ.: சிரித்த முகம்.
உ. சம்சாரம்: "சிரிப்பா? அழுத கண்ணுப்பா அது."
மணி அடிக்கும் சவரி: நேராக நம்மைத்தான் பார்க்கும்.
நான்: குழந்தையைப் பார்ப்பதாக ஞாபகம். சத்தியம் செய்ய முடியாது.

வேறு வழியில்லாமல் செசிலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் மூஞ்ச பாத்ததே இல்லீங்க. கால புட்சிக்கினு கண்ண மூடிக்குவேன். நிமுந்து பாக்க பயம்."

இரண்டு நாளாகச் செத்துப் பிழைத்தேனே, இதற்கா. சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆண்டவருக்கு நன்றி. இரண்டு தட்டு சோறு.

ஆகஸ்ட் 29, வியாழன்.

புழுக்கம். நீலம், வெள்ளை முடிந்தது. பிறகு முகம். தேசப்பன் பக்கத்தில் நின்று அட்டையால் விசிறினான். கண்ணைக் கீழே பார்க்கிற மாதிரி வைத்தேன், இடது காலடிப் பக்கம், பெண்கள் நிற்கும் பக்கம். நிமிர்ந்து பார்க்கப் பயந்தவளை மாதாவாவது குனிந்து பார்க்கட்டும்.

அழகு என்று சொல்ல மாட்டேன். மூக்கில் வரதன் சாயல். யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி.

அரை நாள் பர்மிஷன். மூன்று மணிக்குக் கோயிலில் இறக்கினேன். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மூஞ்சி கயுவிக்கினு வந்த மாரி கீறா மாதா." முகம் மாறியது ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

செசிலி முழங்காலிட்டுக் காலைத் தொட்டுக் கண்ணை மூடினாள். உடனே திறந்தாள். விரல் அங்கேயே தேடியது.

"இங்க ஒரு பள்ளம் இருந்துச்சே."

உ. சம்சாரம் தொட்டுப் பார்த்தாள். அடுத்தவள். அதற்கடுத்தவள். யாரோ, "இது நம்ம மாதா தானா?" என்றாள்.

எங்கள் கோயிலில் மாதாவுக்கு வலப்பக்கம் ஆண்கள். தூர நின்று கும்பிடுவதோடு சரி. இடப்பக்கம் பெண்கள், இடது காலைத் தொட்டுத்தான் கேட்பார்கள். அது இடித்த பள்ளம் இல்லை. அவர்கள் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்தது. அதைத்தான் நான் இரண்டு தடவை பட்டி வைத்து அடைத்தேன். பாஸ் வேறு வாங்கினேன்.

செசிலி தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. திட்டியிருந்தால் தேவலை.

"அதுல வெரல வெச்சிக்கினு தாங்க புள்ளய கேட்டேன். இப்ப எங்க வெச்சிக் கேப்பேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும்.

கொடியேற்றம் ஆறு மணிக்கு. பையில் பிளேடு இருந்தது. பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்து சுரண்டினேன். மேல் வர்ணம் போனது, பட்டி உதிர்ந்தது, சிவப்பு போனது. பயமாக இருந்தது, மரத்தையும் சேர்த்து எடுத்துவிடுவேனோ என்று. ஒவ்வொரு தடவையும் செசிலி கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம்." "ஓரத்துல." "ம்." பிறகு விரலை எடுக்கவில்லை. கண் மூடியிருந்தது.

அந்த இடத்துக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. வெறும் மரமாகவே விட்டேன். பெண்கள் வரிசையாக வந்து தொட்டார்கள். ஒருத்தியும் என்னைக் கோபிக்கவில்லை. உ. சம்சாரம் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். கொடி நேரத்துக்கு ஏறியது.

ஆகஸ்ட் 31, சனி.

மழை. குண்டான் இரண்டு. செசிலி காலையிலேயே போய்ப் பேசிவிட்டு வந்தாள். புளியோதரை கேட்டாள். சாப்பிட்டுத் தூங்குகிறாள்.

வேலை முடிந்து வரும் வழியில் கோயிலுக்குள் போனேன். யாருமில்லை. இடப்பக்கம் போய் மண்டியிட்டேன், இதுவரை செய்ததில்லை. கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்தேன். உள்ளே போகவில்லை. பெண்கள் விரல் அளவுக்குத் தேய்ந்த பள்ளம். சுண்டு விரலை வைத்து நன்றி சொன்னேன்.