டெசாவுக்குள் முளைத்த குழாய்கள்

மார்ச் 4

இன்றும் இரத்தம். டெசாவின் படுக்கை விரிப்பைக் காலையிலேயே துவைத்துப் போட்டேன். இருபத்திரண்டு வயதுப் பெண், சோபாவில் சுருண்டு கிடக்கிறாள். "சூப்பாவது குடிடி" என்றால் "குடிச்சா அதுவும் போயிடும், விடும்மா" என்கிறாள். பெருங்குடல் புண். எந்த மருந்தும் கேட்கவில்லை. அக்டோபரில்தான் இவள் அப்பா ஹார்லனைப் புதைத்தேன். இவளையுமா?

மார்ச் 7

சார்லஸ்டன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ப்ரூயிட் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட்டுப் படம் காட்டினார். சிவப்பாக, வலை மாதிரி. "வீங்கின இடத்துல புதுப்புது இரத்தக்குழாயா முளைச்சிட்டிருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. ஹார்லனுக்கு இதயத்தில் அடைப்பு வந்தபோது, சுற்றிலும் புதுக் குழாய் முளைத்தால் பிழைப்பார் என்றார்கள். காத்திருந்தோம். முளைக்கவில்லை. என் மகளுக்கு முளைத்துவிட்டதே.

பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் மலம் சேர ஒரு பை வைக்க வேண்டுமாம், நாளும் குறித்துவிட்டார். வண்டியில் டெசா அழுதாள். நான்தான் சொன்னேன், "புதுசா முளைக்குதாம்ல, பொறுத்துப் பார்ப்போம்."

மார்ச் 9, ஞாயிறு

சபையில் எழுந்து நின்று, டெசாவுக்குப் புதுக் குழாய் முளைக்கிறதென்று சாட்சி சொன்னேன். எல்லோரும் கடவுளைத் துதித்தார்கள். ஒபல் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "கவுண்டி சர்க்கார் நம்ம தெருவுக்கு ஒரு தண்ணிக் குழாய் போடல, ஆண்டவர் உன் பொண்ணுக்கு எத்தனை போட்டுட்டாரு பாரு" என்றார். சிரித்தேன். ஹார்லன் போன பிறகு முதல் தடவை.

மார்ச் 12

டெசா ஆபரேஷன் வேண்டாமென்று போன் செய்துவிட்டாள்.

மார்ச் 19

சமையலறையில் மயங்கி விழுந்தாள். ஆம்புலன்ஸ். இரத்தம் ஏற்றுகிறார்கள்.

"புதுக் குழாய் நல்லதுதானே?" என்று டாக்டரைக் கேட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "இதயத்துல நல்லதும்மா. இங்க அப்படி இல்ல. இதெல்லாம் அரைகுறையா வளர்ற குழாய், ஒழுகும். வீக்கத்துக்குத் தீனி கொண்டு போறதே இதுங்கதான்."

ஹார்லனுக்கு வேண்டுமென்று மன்றாடியது இவளைத் தின்கிறது. அதற்கா நான் நன்றி சொன்னேன்? ஊரைக் கூட்டி?

மார்ச் 20

"சாட்சி சொன்னியேம்மா. எல்லாரும் ஜெபம் பண்றாங்க. இப்ப எடுத்துட்டா நம்பிக்கை இல்லாதவன்னு சொல்ல மாட்டாங்களா?" டெசா முணுமுணுத்தாள். "தப்பா புரிஞ்சுக்கிட்டேன்டி, தப்பா சொல்லிட்டேன்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கேட்கும்படி அங்கேயே ஒபல் அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, அது வளரக் கூடாதாம். ஆண்டவர்கிட்ட நிறுத்தச் சொல்லிக் கேளுங்க."

"இத்தனை நாளா வளரச் சொல்லியில்ல கேட்டோம்?"

"ஆமா. நான் சொன்னது தப்பு."

அக்கா பெருமூச்சு விட்டார். "சரி, மாத்திக் கேக்கறோம். முதல்ல அந்தக் குடலை எடுக்கச் சொல்லு. குடல் இல்லாம எத்தனையோ பேர் இருக்காங்க. நீ பொண்ணு இல்லாம இருப்பியா?"

டெசா கண்ணைத் திறக்காமலே, "எடுக்கச் சொல்லும்மா" என்றாள்.

மார்ச் 21

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஹார்லன், அவளைக் கூப்பிட்டுக்கொள்ளாதே.

மே 11

ஒபல் அக்கா பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுவந்தார். டெசா இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். அக்கா பாஸ்டரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, டெசாவின் சட்டைக்குள் இருந்த வயிற்றுப் பையிலிருந்து சத்தமாக ஒரு களகளப்பு. அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். டெசா வயிற்றைத் தட்டி, "சும்மா இரு, பெரியவங்க பேசறாங்கல்ல" என்றாள்.

நான் சிரிப்பை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.