பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கட்டடம்

அன்புள்ள அம்மா,

போனில் சொல்லாமல் உன்னை எழுத்துக்கூட்டிப் படிக்க வைப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், அப்பாவும் கேட்பார், எனக்கு வெட்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் நகராட்சியில், பெரிய அடுக்குமாடி கட்டுகிறவர் ஊருக்கும் ஒரு பொது வசதி கட்டித் தந்தால்தான் அனுமதி. பஸ் நிலையத்துக்கு எதிரே கட்டுகிற பில்டர் போன வருஷம், நீரூற்று கட்டித் தருவதாக ஒரு படத்தோடு எங்கள் ஆபீஸ் கூட்டத்துக்கு வந்தார். ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான் என்னையறியாமல், “லேடீஸுக்கு கழிப்பறை வேணும் சார்” என்றேன்.

“அதுக்கு முன்னாடி யாரும்மா நின்னு போட்டோ எடுப்பா?” என்று சிரித்தார்.

“எங்கம்மா பஸ் ஏறுற அன்னிக்கு தண்ணியே குடிக்க மாட்டாங்க சார். இறங்கினா எங்க போறதுன்னு பயம். அதனாலயே இன்னும் என்னைப் பாக்க வரல.”

எங்கள் மேலதிகாரி மேடம், “இதையே கட்டிக் குடுங்க” என்றார். பில்டர் படத்தைச் சுருட்டிக்கொண்டார். உன் கதையைச் சபையில் சொல்லிவிட்டேன், திட்டாதே.

கட்டி முடியட்டும் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை. நேற்று திறந்தார்கள். நானே போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் சரியாக விழுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது.

என் பழைய தலையணை உறையை யாரிடமாவது கொடுத்தனுப்பு. புதியதில் தூக்கம் வரவில்லை.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. அம்மா, உறையை யாரிடமும் கொடுக்க வேண்டாம். நீயே எடுத்துக்கொண்டு வா. வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே வா.

உன் மகள்