சீர் வண்டியின் பிரேக் லீவர்

நீலசந்திரா, பெங்களூர்
வியாழக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை ஹரிஷ்குமார் அவர்களுக்கு,

மாமா அர்ஜுனன் எழுதுவது. எனக்கும் உங்கள் அத்தைக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் பிரபாவும் குன்னூர் குளிரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை ஒரு சின்னப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். பார்சலில் இருப்பதைப் பிறகு பாருங்கள். முதலில் இதைப் படித்து முடியுங்கள். அதுவரை வண்டியைத் தொட வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், தலை தீபாவளிக்குப் பஸ் வேண்டாம், சீராகக் கொடுத்த பழைய மோட்டார் சைக்கிளிலேயே பிரபாவைப் பின்னால் உட்காரவைத்து மலை இறங்கி பெங்களூர் வந்துவிடுகிறேன் என்று சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற அத்தை பூரித்துப் போனாள். ஆயில் ஒழுகும், எடுக்காதீர்கள் என்று ஏதோ உளறினேன். வண்டி பட்டு மாதிரி போகுது மாமா என்று நீங்கள் சிரித்தீர்கள். ஆயில் எதுவும் ஒழுகாது மாப்பிள்ளை. அதுவும் பொய்தான்.

பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அப்பா என் தொழிலைக் கேட்டார். பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு ஒரிஜினல் பாகம் தேடித் தருகிறேன் என்றேன். தேடுவது உண்மை. தேடுவது காயலான் கடையில். ஹெட்லைட் வளையம் என்று நான் கொடுப்பது இட்லிக் குண்டான் மூடியின் விளிம்பு. ஹாரன் மூடி டீ வடிகட்டி. கைப்பிடி ரப்பர் யாரோ தேய்த்துப் போட்ட ஹவாய்ச் செருப்பு. பழைய பித்தளைக் குழாயையும் உடைந்த விளக்கையும் உருக்கி லீவர் வார்ப்பேன். புதுசு என்று தெரியாமல் இருக்க, புளியும் உப்பும் கரைத்த தண்ணீரில் நனைத்து, கோணிச் சாக்கில் சுற்றி, பாத்ரூம் சாக்கடை ஓரம் பத்து நாள் வைத்துவிடுவேன். அத்தை இதற்கு ஊறுகாய் போடுவது என்று பெயர் வைத்திருக்கிறாள். எல்லாம் தெரிந்துதான் வாங்குகிறார்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். வாங்குகிறவர்களிடம் எழுபது வருஷத்துச் சாமான் என்று சொல்வேன்.

எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். இதையெல்லாம் வாங்குகிறவர்கள் வண்டியை ஓட்டுவதில்லை. ஹாலில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நிற்கிற வண்டிக்குப் பிரேக் எதற்கு என்று நினைப்பேன்.

உங்கள் வண்டிக்கு மட்டும் அப்படிச் செய்யக் கூடாது என்று இருந்தேன். என்ஜினும் சக்கரமும் நல்லவை, அதில் சந்தேகம் வேண்டாம். முன் பிரேக் லீவருக்கு ஒரே ஒரு அசல் கிடைத்தது. அதை உங்களுக்கு என்று வைத்துக்கொண்டு, அதை மண்ணில் அழுத்தி அச்செடுத்து மூன்று நகல் வார்த்தேன். வார்ப்பு ஆறும்போது மயிரிழை சுருங்கும். நகல் அசலைவிடக் கொஞ்சம் சின்னதாக வரும். யாராவது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாட்டிக்கொள்வேனே என்று, அசலையும் அரத்தால் ராவி நகலின் அளவுக்குக் கொண்டுவந்தேன். பிறகு நாலையும் ஒரே சாக்கில் ஊறப் போட்டேன். பத்திரிகை வைக்க ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்து சாக்கைப் பிரித்தால், எது அசல் என்று எனக்கே தெரியவில்லை.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. உள்பக்கம் கொஞ்சம் ராவிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ராவினால் ஊறின நிறம் போய்விடும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்து, எது கனமாகப் பட்டதோ அதை அசல் என்று முடிவு கட்டி உங்கள் வண்டியில் மாட்டினேன். மண்டப வாசலில் உங்கள் அம்மா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சம்பந்தி ஒவ்வொன்றும் ஒரிஜினலாகப் பார்த்துப் போட்டிருக்கிறார் என்று எல்லோரிடமும் சொன்னார்கள். நான் கை கூப்பிக்கொண்டு நின்றேன்.

மற்ற மூன்றையும் விற்றுவிட்டேன். போன மாதம் ஆனேக்கல்லில் கிருஷ்ணப்பா என்பவர் ஷெட்டிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பிரேக்கைப் பிடித்திருக்கிறார். லீவர் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. வண்டி அவர் காலில் சாய்ந்து, இரண்டு வாரம் நொண்டினார். போய்ப் பார்த்தேன். ஒடிந்த இடம் முழுக்க ஊசி குத்தினது போலத் துளைகள், என் வார்ப்பில் விழுகிற துளைகள்; அசலில் அது இருக்காது. அன்றைக்கே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது அசல்தான் என்று ஒரு மாதம் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் போன் வந்த பிறகு தேற்றிக்கொள்ள முடியவில்லை. மறுநாள் சிவாஜி நகரில், இன்னொரு லீவரை வாங்கின டாக்டர் வீட்டுக்குப் போனேன். சுத்தம் செய்வது போல லீவரைக் கழற்றி உள்பக்கம் ராவினேன். அதிலும் துளை. மீதி இரண்டு. ஒன்று உங்களுடையது. இன்னொன்று அல்சூரில் லட்சுமம்மா வீட்டில். இறந்துபோன வீட்டுக்காரரின் வண்டியைத் தினம் பூப்போட்டு ஹாலில் வைத்திருக்கிறவர்கள். அந்த லீவரை ராவும்போது, முருகா துளை இருக்கட்டும், துளை இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு துளைகூட இல்லை. அசல் அதுதான், உங்கள் வண்டியில் இருப்பது நகல். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மா பயந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் சொந்த மகளுக்கு இப்படி ஒரு சாமானைக் கொடுப்பாயா என்று கன்னடத்தில் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன் அம்மா என்றேன். கழற்றி எடுத்துக்கொண்டு போ என்று சொல்லி, வாசல் வரை வந்து நின்றார்கள்.

பார்சலில் இருப்பது அந்த லீவர்தான். ஆனால் நான் சொல்கிறேன் என்று அதையும் மாட்டிவிடாதீர்கள். அங்கே நல்ல மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொடுத்து, ஒவ்வொரு பாகமாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். யார் கொடுத்த வண்டி என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

இங்கே பத்து நாளாக விடாமல் மழை. அத்தை அதிரசத்துக்குப் பாகு வைத்து மாவு பிசைந்துவிட்டாள். உங்களுக்கு மயில்கண் கரை வேட்டி எடுத்திருக்கிறாள். சட்டை அளவு சரியாக இருக்குமா என்று தினமும் என்னைக் கேட்கிறாள். இந்தப் பார்சலை அனுப்பிவிட்டு வந்து அவளிடமும் சொல்லப்போகிறேன்.

பிரபாவுக்கு எதுவும் தெரியாது. உங்கள் அண்ணி வண்டியைப் பற்றி ஏதோ கிண்டல் செய்தபோது, எங்கப்பா கொடுத்ததில் ஒரு ஸ்க்ரூகூடப் போலி கிடையாது என்று எதிர்த்துப் பேசினாளாம். அதை அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்தாள். நான் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டில் என்னை என்ன சொன்னாலும் தகும். அவளை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். நம்பித்தான் சொன்னாள். அவளுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். அதற்கும் எனக்குத் தைரியம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். தலை தீபாவளிக்குப் பஸ்ஸில் வாருங்கள். எந்தப் பஸ் என்று ஒரு வரி அனுப்பினால் போதும், ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன். நான் வந்து நிற்க வேண்டாம் என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள். அத்தையை மட்டும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அர்ஜுனன்