செத்தவள் சோறு போட்ட படம்

என் பிரியமுள்ள சிவகாமிக்கு,

நம் சண்டையில் நீதான் ஜெயித்தாய். இதை உன் காதில் மட்டும் சொல்லியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தபோது நான் சொல்லவில்லை. விதைக்கடலை உடைக்க வந்த அத்தனை பெண்களுக்கு நடுவில் பன்னிரண்டு வருஷம் நடந்த சண்டை அது. தோற்றதையும் நாலு பேர் படிக்கும்படி எழுதுவதுதான் முறை என்று தோன்றுகிறது.

படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது. நீ என் மாமன் மகள், என்னைவிட மூன்று வயது இளையவள். பிறகு என் தம்பியின் மனைவி. நான் திருச்சியில் காலேஜ் படித்துவிட்டுப் புதுக்கோட்டையில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவள். எனக்கென்று ஒரு குடும்பம் அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வல்லத்திராக்கோட்டைக்கு வருவேன். மத்தியானம் உன் கையால் சாப்பிடுவேன். சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கடலை உடைப்பு. கடலை உடைத்தால் பேய்ப்படம்.

இதுவரை வந்த பேய்ப்படங்களில் எது பெரிய படம், எது அதிகம் பயமுறுத்தும் படம்? இரண்டும் வேறு வேறு கேள்வி என்பேன் நான். நீ ஒப்பவே மாட்டாய். "பயமுறுத்தாத பேய்ப்படம் என்ன பெரிய படம் அத்தாச்சி? உப்பில்லாத ஊறுகாய நல்ல சாடியில போட்டு வச்சா ஆச்சா?" என்பாய். உன்னிடம் ஓர் அளவுகோல் இருந்தது. படம் பார்த்த மறுநாள், உச்சிப்பொழுதில், கிணற்றடிக்குத் தனியாகப் போக முடிந்தால் அது படமே இல்லை.

அந்த அளவுகோலில் எத்தனை படங்கள் அடிபட்டுப் போயின! ஜமீன் மாளிகையில் கொலுசுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் எல்லாம் கணக்கப்பிள்ளையின் வேலை என்று முடிந்த படத்தை நீ மன்னிக்கவே இல்லை. "கணக்கப்பிள்ளைக்குப் பயப்படவா மூணு மணி நேரம் ஒக்காந்திருந்தேன்? அவரை நம்ம ஊருலயே பாக்கலாமே."

என் படம் இங்கிலீஷ் படம். காலேஜில் படித்தபோது திருச்சியில் பார்த்தது. ஒரு வீடு. விடிந்து எழுந்தால் முந்தைய நாளைவிட ஓர் அறை கூடுதலாக இருக்கும். யார் கட்டினார்கள், யாருக்காக என்று தெரியாது. அதை நான் மூச்சடக்கிச் சொல்லி முடித்தபோது நீ கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாய்: "கூட ஒரு ரூம்பு வந்தாச் சந்தோசந்தானே அத்தாச்சி! இங்க நெல்லுப் போட எடமில்லாமக் கெடக்கேன். அந்தப் பேய இங்கிட்டுக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு வள்ளியக்காள் மட்டும் சிரிக்காமல், தனக்கு எந்தப் பேயும் பயமில்லை, படத்துக்கு முன்னால் போடுகிற நியூஸ் ரீல்தான் பயம் என்றாள். "அந்த ஏரோப்பிளேன் நேரா நம்ம மேலதானே வருது?" அதற்கும் ஒரு வோட்டுப் போட்டு வைத்தாய் நீ.

இனி உன் படம்.

அதை நான் பார்க்கவில்லை. ஊருக்கு வெளியே டென்ட் அடித்திருந்த டூரிங் டாக்கீஸில் நீ பார்த்தது. பயங்கரப் பேய்ப்படம், பிள்ளைத்தாய்ச்சிகள் வர வேண்டாம் என்று வண்டி கட்டி, தமுக்கடித்து நோட்டீஸ் வீசியிருந்தார்கள். உனக்கு அப்போது ஏழு மாதம், மங்கை வயிற்றில். "என்ன பண்ணிரும்னு பாத்துருவோம்" என்று வள்ளியக்காளை இழுத்துக்கொண்டு போனாய். மணலில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னாய். படம் பாதிக்குமேல் போன பிறகு இடுப்பு வலிக்கிறது என்று அவளையும் எழுப்பிக்கொண்டு வந்துவிட்டாய். முடிவைப் பார்க்கவில்லை. பார்த்த வரையில் போதும் என்றாய்.

நீ எனக்கு முதல் தடவை அதைச் சொன்னது இன்னும் வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"காய்ச்சல்ல செத்துப்போறா அத்தாச்சி. தூக்கிட்டுப் போறாங்க. புருசன் கொள்ளி வைக்கிறான். ரீலு மாத்த லைட்டப் போட்டான். முறுக்குக்காரன் வந்தான், போனான். மறுபடி இருட்டு. பாத்தா, அவளே நின்னு சோறு போட்டுக்கிட்டு இருக்கா!"

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, சாப்பிடுறாங்க. புருசன் சாப்பிடுறான், மூணு புள்ளைகளும் சாப்பிடுதுக. மாமியாக்காரி, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்கிறா. ஊத்துறா. கடைசிப் புள்ள அப்பளத்த எலைக்கு அடியில ஒளிச்சு வைக்குது. அவ பாத்துச் சிரிச்சுக்கிறா. ஒருத்தரும் பயப்படல. ஒருத்தரும் நிமிந்துகூடப் பாக்கல."

"செத்தவ வந்து நிக்கிறா, பயப்படலயா? அவங்களுக்குத் தெரியலயா?"

"அதான் விசயமே. எல்லாத்துக்கும் தெரியும். நிமிந்து பாத்தா அவ போயிருவான்னும் தெரியும். அதான் குனிஞ்ச தலை நிமிராமச் சாப்பிடுறாங்க."

நான் வாதாடினேன். பேய் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும், பழி வாங்க வேண்டும், இல்லை எதையாவது தேடி வர வேண்டும், சோறு போடுவதற்காக ஒரு பேய் வருமா என்று கேட்டேன். "வேற எதுக்கு வரும்?" என்றாய். ஏதோ நான்தான் புரியாமல் கேட்டுவிட்டவள் போல. மறுநாள் உச்சிப்பொழுதில் கிணற்றடிக்குப் போனாயா என்று கேட்டதற்கு, போனேன், ஆனால் திரும்பி வரும்போது அடுப்படியை எட்டிப் பார்க்கத்தான் கால் வரவில்லை என்றாய்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம், எத்தனை மூட்டைக் கடலை! யார் புதிதாக வந்து உட்கார்ந்தாலும் அந்தப் படத்தைச் சொல்வாய். ஒரு சொல் மாறாது. அப்பளம் வரும் இடத்தில் உன் குரல் தணியும்.

பிறகு உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் வீங்கியது. புதுக்கோட்டைக்கு அழைத்து வந்து காட்டினோம். இருதயம் பெருத்திருக்கிறது, கனமாக எதையும் தூக்க வேண்டாம் என்றார் டாக்டர். குடத்தைத் தூக்காமல் எப்படி இருப்பது என்று அவரையே கேட்டாய். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரிமாற எழ முடியாமல் சுவரில் சாய்ந்தபடி நீ சொன்னாய்: "ஒண்ணும் கவலப்படாதீக. நான் போனாலும் அந்தப் படத்துக்காரி மாதிரி மத்தியானச் சோத்துக்கு வந்துருவேன். நீங்க மட்டும் நிமிந்து பாக்காதீங்க அத்தாச்சி. படிச்சவுக, நீங்கதான் பாப்பீங்க."

எல்லோரும் சிரித்தோம். நீ சிரித்தாயா? எத்தனை தடவை யோசித்தாலும் அந்த இடத்தில் உன் முகம் எனக்கு வரமாட்டேன் என்கிறது.

அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் பள்ளிக்கூட டீச்சர்கள் புதுக்கோட்டைத் தியேட்டருக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். ஒரு பழைய குடும்பப் படத்தை மறுபடி போட்டிருந்தார்கள். பாதியில் ஒருத்தி சோறு பரிமாறினாள். மூன்று பிள்ளைகள். மாமியார் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள். கடைசிப் பிள்ளை அப்பளத்தை இலைக்கு அடியில் ஒளித்தது. உன் படமேதான்! அதற்குப் பிறகுதான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகுதான் செத்தாள்.

பேய்ப்படத்து ரீல் பெட்டி வந்து சேராமல், டென்ட்காரர்கள் கையில் இருந்த வேறு பெட்டியைப் போட்டிருக்க வேண்டும். அதிலும் இரண்டு ரீலை முன்பின்னாக மாற்றிவிட்டார்கள். தமுக்கடித்துப் பேய்ப்படம் என்று சொல்லியிருந்ததால், பேய் பார்க்க வந்த நீங்கள் பேயைப் பார்த்துவிட்டீர்கள். அவ்வளவுதான். தியேட்டரிலேயே வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பன்னிரண்டு வருஷச் சண்டை. ஒரே மத்தியானத்தில் ஜெயித்துவிட்டேன்.

மறுநாள் பஸ்ஸில் வரும்போது என்ன வார்த்தையில் ஆரம்பிக்கலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன், சிவகாமி. நீ போன வாரம் சொன்னது என் நினைவில் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது. ஆனால் அது வேறு, இது வேறு என்று நினைத்தேன். வேடிக்கையாகச் சொன்ன பேச்சு, வேடிக்கையான சண்டை. உண்மை யாரை என்ன செய்துவிடும்? அப்படித்தான் படித்திருந்தேன்.

உன் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரீலுக்கு ரீல் சரியான வரிசையில் சொன்னேன். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

"அப்ப அவ வரவே இல்லயா?"

"வரல. நீ பாத்தது அவ சாகுறதுக்கு முந்தி. ரீல மாத்திப் போட்டுட்டான்."

"அந்தப் புள்ளைக்குத் தெரியாதா, அவ செத்தது?"

"அப்ப அவ சாகவே இல்லயே சிவகாமி. உசுரோட இருக்கா. அதான் யாரும் நிமிந்து பாக்கல. தெனமும் சோறு போடுறவள யாரு நிமிந்து பாப்பா?"

இதை நான் சொன்னேன். என் வாய்தான் சொன்னது.

பிறகு நீ கேட்டாய்: "அவ செத்ததுக்கு அப்பறம் அந்த வீட்டுல யாரு சோறு போட்டா?"

அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். முடிவு நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். நீ பார்க்காமல் விட்டு வந்த முடிவுதானே அது? "அவரு மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டாரு," என்றேன். "கடைசிப் புள்ள புது அம்மாகிட்ட ரசம் கேக்குது. அதோட படம் முடிஞ்சுருது."

நீ கண்ணைத் திறந்தாய். உன் உதட்டில் அந்தச் சண்டைக்காரச் சிரிப்பு ஒரு கணம் வந்தது. "அப்ப நான் பாத்தத விடப் பயங்கரமான படந்தான் அத்தாச்சி. நாந்தானே ஜெயிச்சேன்?"

நான் ஒப்பவில்லை. அது குடும்பப் படம், கணக்கில் சேராது என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். பஸ்ஸுக்கு நேரமாயிற்று, கிளம்பிவிட்டேன். நீ வழக்கமாகச் சொல்லும் "அடுத்த வாரம் வாங்க" அன்றைக்கு இல்லை. அடுத்த ஞாயிறு நான் வந்தபோது பேசும் நிலையில் இல்லை நீ. அதற்கடுத்த வியாழக்கிழமை போய்விட்டாய்.

இங்கே நடப்பதைச் சொல்ல வேண்டும். நீ போய் ஒன்றரை வருஷம். தம்பிக்கு மறுபடி கல்யாணம் ஆகிவிட்டது. அறந்தாங்கிப் பக்கத்துப் பெண். நல்லவள். குறை சொல்லலாம் என்று தேடிப் பார்த்தும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உன் அஞ்சறைப்பெட்டியை அவள் இடம் மாற்றவில்லை. ரசத்தில் மட்டும் புளி கொஞ்சம் கூடுதல். தம்பி சாப்பிடுகிறான், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்கிறான். வள்ளியக்காளுக்குக் கண் மங்கிவிட்டது, இனி ஏரோப்பிளேன் பயமில்லை என்கிறாள். டென்ட்காரர்கள் போன கோடையோடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடலை உடைக்கிறார்கள். யாரும் பேய்ப்படம் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. புதிதாக ஒன்று வந்திருக்கிறது, போய்ப் பார்த்தேன். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். எது பெரியது என்று கேட்டு என்னோடு மல்லுக்கு நிற்க ஆள் இல்லாதபோது பார்த்து என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இலை போட்டதும், பரிமாறுகிற கையைப் பார்க்கிறேன். வாராவாரம் பார்க்கிறேன். புது வளையல் போட்ட கை. நீ சொன்னது சரி, படித்தவள், நான்தான் பார்க்கிறேன். எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: வருவதற்கு ஒரு வழி இருப்பதாக நீ நம்பிக்கொண்டிருந்தாயே, அதை நான் அடைத்துவிட்டேனா? வரிசை சரியில்லை என்று நான் சொன்னதால்தான் நீ வரவில்லையா?

போன வாரம் மங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பதின்மூன்று வயது முடிந்துவிட்டது அவளுக்கு. "அத்தை, அம்மா சொல்லுமே ஒரு படம், நான் வயித்துல இருந்தப்பப் பாத்ததுன்னு. அதைச் சொல்லுங்க."

எந்த வரிசையில் சொல்வது? டென்டில் ஓடிய வரிசையிலேயே சொன்னேன். முதலில் கொள்ளி. பிறகு முறுக்குக்காரன். பிறகு சோறு.

"யாரும் பயப்படலயா அத்தை?"

"ஒருத்தரும் பயப்படல."

அவள் கடலைத் தோலைக் கிள்ளினாள். பிறகு, "நானும் பயப்பட மாட்டேனே. நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் வரல?" என்று கேட்டாள்.

அவள் பங்குக் கடலையையும் என் பக்கம் இழுத்து உடைத்தேன், சிவகாமி. நாள்தோறும் ஓர் அறை கூடும் வீட்டுக்கு நான் பயந்தேன். உன் வீட்டில் ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவும் இல்லை, எல்லாம் இருந்தபடியே நடக்கிறது. இதைவிடப் பயங்கரமான படத்தை நான் பார்த்ததில்லை. நீ ஜெயித்தாய்.

ஒரு வாக்குத் தருகிறேன். உன் படத்தை இனி யாருக்குச் சொன்னாலும் நீ சொன்ன வரிசையிலேயே சொல்வேன். முடிவைச் சொல்ல மாட்டேன். நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்: வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, இலை போட்டதும் தலையைக் குனிந்துகொள்வேன். ரசம் கேட்பேன். ஊற்றுவது யார் கை என்று நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

உன் அத்தை மகள்,
உன்னிடம் தோற்ற அத்தாச்சி,
கமலம்