கடலடியில் நான் அழித்தவை

ஜூன் 12, 2025

காலையிலிருந்து சரவெடி லேபிள்தான் ஓடியது. கரன்ட் இரண்டு தடவை போய், சிவப்பு ஒரே சீராக வரவில்லை. மதியம் தம்பி மகேஷ்குமார் புது ஆர்டரோடு வந்தான். எங்கள் அச்சகத்தில் வெளியே பேசுவது அவன், படமும் வடிவமைப்பும் நான். ஆழ்கடல் தரையில் கிடக்கும் தாதுக் கற்களை அள்ளப்போகிற ஒரு கம்பெனிக்குத் தமிழில் சின்னப் புத்தகம். கடற்கரை ஊர்களில் கூட்டம் போட்டு மக்களுக்குக் கொடுப்பார்களாம். கடலின் அடித்தரையைக் காட்ட ஒரு நல்ல படம் வேண்டும் என்றான். அவர்கள் கொடுத்தது ஒரே மங்கல்.

என்னிடம் ஒன்று இருக்கிறது.

ஜூன் 14

ஹர்ஷினி, அக்கா ஆவுடைத்தாயின் மகள். கடல் உயிரியல் படித்துவிட்டு ஆராய்ச்சிக் கப்பலில் போகிறாள். போன வருஷம் கரை திரும்பியதும் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கடலுக்குள் ஐந்து கிலோமீட்டர் ஆழத்துக்குக் கேமராவை இறக்கி எடுத்தது. "மாமா, கலரப் பாத்து ரசிக்கிற ஆளு நம்ம வீட்டுல நீங்க ஒருத்தர்தான், அதான் உங்களுக்கு மட்டும்" என்று எழுதியிருந்தாள். உருளைக்கிழங்கு அளவில் கருப்புக் கற்கள். ஒரு கல்லின் மேல் காம்போடு நிற்கும் வெள்ளைப் பஞ்சுயிரி. பக்கத்தில் நூல் மாதிரிக் கைகளை நீட்டிக்கொண்டு ஒரு கடல் நட்சத்திரம். ஓரத்தில் கண்ணாடிபோல உள்ளே தெரிகிற ஊதா நிறக் கடல் அட்டை.

கம்பெனியிலிருந்து வந்த அன்பரசன் படத்தைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "சூப்பர் சார். இந்தப் பூச்சி மாதிரி இருக்கறதை மட்டும் எடுத்துடுங்க. படம் க்ளீனா இருக்கணும்."

எடுத்துவிட்டேன். பையன்களிடம் கொடுக்காமல் நானே உட்கார்ந்து செய்தேன். ஹர்ஷினியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ஜூன் 16

ப்ரூஃப் பார்த்து அன்பரசன் சொன்னது: "அங்க எதுவும் இருந்த மாதிரியே தெரியலையே சார்!" வீட்டுக்கு வரும்வரை அந்தப் பாராட்டு காதில் இருந்தது.

ஜூலை 3

புத்தகம் பைண்டிங் முடிந்து கட்டுக் கட்டாக நிற்கிறது. ஒன்றை எடுத்து முதல் தடவையாக வாசித்தேன். எழுத்துப் பிழை பார்ப்பது வேறு, வாசிப்பது வேறு. படத்துக்குக் கீழே: 'உயிரற்ற கரும்பரப்பு. இங்கே இழப்பதற்கு எதுவுமில்லை.'

என் கையால்தான் அந்த வரியை அங்கே வைத்திருக்கிறேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதுபடுத்தியும் இருக்கிறேன்.

கட்டுகளை லோடு ஏற்றும்போது வேறு வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 9

ஹர்ஷினி போன் பண்ணினாள். எப்போதும் "சாப்பிட்டீகளா மாமா" என்றுதான் ஆரம்பிப்பாள். இன்று அது இல்லை.

"மாமா, நான் அனுப்புன படத்த யாருக்காச்சும் குடுத்தீகளா?"

"இல்லையேம்மா. ஏன்?"

யோசனையே இல்லாமல் வந்தது அந்த 'இல்லையே'. "சரி மாமா" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தப் படத்தை அவள் எனக்கு மட்டும்தானே அனுப்பினாள்? அவளுக்குத் தெரியாதா? நான் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, என்னைக் கேவலப்படுத்த வேண்டாம் என்று போனை வைத்திருக்கிறாள். ச்சீ, என்ன மனுசன்டா நீ.

ஜூலை 10

வேலை ஓடவில்லை.

ஜூலை 13

விருதுநகர் போய் வந்தேன். அக்கா கதவைத் திறந்தாள், காபி கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. ஹர்ஷினி உள்ளே இருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் ஆரம்பிக்கும் முன்பே நடந்ததைச் சொன்னாள். தூத்துக்குடியில் முதல் கூட்டம். அன்பரசன் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, வெறும் கல்லும் மண்ணும்தான் என்றிருக்கிறார். இவள் எழுந்து, அது நான் எடுத்த படம், அதில் இருந்த உயிர்களை அழித்திருக்கிறார்கள் என்று தன் போனில் இருந்த படத்தைக் காட்டியிருக்கிறாள். "இந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல எதை வேணும்னாலும் ஒட்டலாம்மா" என்று அவர் சொல்ல, முன்வரிசையில் சிரித்திருக்கிறார்கள்.

"நான்தாம்மா அழிச்சேன்" என்றேன்.

"தெரியும் மாமா. பஞ்சுயிரிய எடுத்துட்டீக, அதோட நிழல் கல்லுல கிடக்கு."

அவள் கோபப்பட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக ஒரு மாணவனுக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். அந்தக் கல் அந்த அளவுக்கு வளர எத்தனையோ லட்சம் வருஷம். அந்தப் பஞ்சுயிரிக்கு ஒட்டி நிற்கக் கல்லை விட்டால் வேறு இடம் கிடையாது, சுற்றிலும் சேறு. கல்லை அள்ளினால் அதுவும் போகும், கிளம்புகிற சேற்றுப் புகை தூரத்தில் இருப்பதையும் மூடும். "அங்கன இருக்குறதுல பாதிக்கு மேல இன்னும் பேரே வைக்கல மாமா. பேரு வைக்கிறதுக்கு முந்தியே இல்லைன்னு சொல்லிட்டாக."

சொல்லிட்டாக என்றாள். சொல்லிட்டீக என்று சொல்லவில்லை.

ஜூலை 15

அடுத்த கூட்டத்தில் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றதும் மகேஷ் கத்தினான். "ஏண்ணே, அழிக்கிறது நமக்குப் புதுசா? கல்யாண பேனர்ல மாப்பிள்ள முகத்துல மரு இருந்தா அழிக்கிறதில்லயா? அம்புட்டுக்கும் போயி மைக்குல சொல்லுவீகளா?"

மருவை அழித்தாலும் மாப்பிள்ளை மேடையில் இருக்கிறான், எல்லோரும் பார்க்கிறார்கள். கடலடியைப் போய்ப் பார்க்க யார் இருக்கிறார்கள்? இப்போது எழுதும்போதுதான் இது தோன்றுகிறது.

"காலண்டர் சீசன் வருது. வாடிக்கையாளரைக் காட்டிக்குடுக்குற பிரஸ்ஸுன்னு பேரு வந்தா எவன் வருவான்?" அவன் சொல்வதும் நியாயம்தான். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள்.

ஜூலை 20

தூத்துக்குடி. இரண்டாவது கூட்டமும் இங்கேதான், ஒரு கல்யாண மண்டபத்தில். ஹர்ஷினி முன்னால் இருந்தாள். நான் வருவதாக அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நல்ல பேர் வாங்க வந்ததுபோல ஆகிவிடும்.

கேள்வி கேட்கலாம் என்றபோது கை தூக்கினேன். அன்பரசன் சிரித்த முகத்தோடு மைக்கை நீட்டினார், தெரிந்த ஆள் என்று.

"என் பேரு நல்லசிவம். இந்தப் புத்தகத்த அச்சடிச்சது நாங்க. இந்தப் படத்துல உயிரு இருந்துச்சு. நான்தான் அழிச்சேன். இவுகதான் அழிக்கச் சொன்னாக. அந்தப் பிள்ளை போன கூட்டத்துல காட்டுனது நிசம்." கொண்டுபோயிருந்த இரண்டு படங்களையும் பிரித்துப் பிடித்தேன்.

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார், மீனவக் குடும்பம். படத்தைக் கிட்டே வந்து பார்த்தார். "இது கடலட்டையில்லா? கரையில ஒரு அட்டைய எடுத்தா, பிடிக்கத் தடைன்னு எங்க ஆளுக மேல கேஸ் போடுதாக. அங்கன அம்புட்டையும் வாரிட்டுப் போனா கேக்க ஆளில்லையா?" என்று மேடையைப் பார்த்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "படிச்ச ஆளாத்தான இருக்கீக. அழிக்கையில கூசலையா?"

கூசவில்லை, அம்மா. அதுதான் உண்மை. அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இதை அங்கே சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். இங்கே எழுதுகிறேன்.

கூட்டம் இரைச்சலாகிக் கலைந்தது. ஹர்ஷினி வாசலில் நின்றாள். "பஸ்ஸுலயா வந்தீக?" என்றாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

ஆகஸ்ட் 8

கம்பெனி புத்தகங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டதாம். மறு ஆய்வு செய்துவிட்டுத்தான் அடுத்த கூட்டம் என்று அறிவித்திருக்கிறார்கள். திட்டத்தைக் கைவிடவில்லை. ஹர்ஷினி எனக்குச் சொல்லவில்லை, அக்கா சொல்லித்தான் தெரியும்.

ஆகஸ்ட் 27

இரண்டு காலண்டர் பார்ட்டிகள் வேறு இடம் போய்விட்டார்கள். மகேஷ் என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசுகிறான்.

அக்டோபர் 5

ஆழ்கடல் உயிர்களைப் பற்றி ஹர்ஷினியும் தோழிகளும் பள்ளிக்கூடங்களுக்காக ஒரு புத்தகம் போடுகிறார்களாம். சாத்தூர் ரோட்டில் பாண்டிச்செல்வத்தின் பிரஸ்ஸில் கொடுத்திருக்கிறாள். ஊர் முழுக்க அச்சகம், அதில் ஒன்று சொந்த மாமாவுடையது. வேறு இடத்தில் கொடுத்தாள். சரிதான். நான் அவளாக இருந்தால் இந்த ஊர்ப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

நவம்பர் 11

காலையில் பாண்டிச்செல்வம் போன். "அண்ணாச்சி, கருப்புக்குள்ள நீலம் செத்துப்போகுது. உங்களக் கூப்பிட்டுக் கேக்கச் சொன்னுச்சு உங்க அக்கா மக."

போனேன். அவள் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். அவர்கள் மெஷினில், அவர்கள் ஆட்களோடு, நான் யாரோ ஒரு வெளியாள்போல நின்று, கருப்பைக் குறைத்து நீலத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன். ஐந்தாறு தாள் வீணாகி, அடுத்த தாளில் இருட்டு ஆழமாக வந்தது. பாண்டிச்செல்வம் தாளை மேஜையில் விரித்தார், அவள் எனக்கு அனுப்பிய அதே படம். ஹர்ஷினி அதை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஏதாச்சும் விட்டுப்போயிருக்கா, பாருங்க மாமா."

லென்ஸை வைத்து மூலை மூலையாகப் பார்த்தேன். "எல்லாம் இருக்கும்மா" என்றேன்.

தலையாட்டினாள். பிறகு என் கையிலிருந்து லென்ஸை வாங்கி, குனிந்து, முதலிலிருந்து தானே ஒருமுறை பார்த்தாள்.

அவள் முடிக்கும்வரை பக்கத்தில் நின்றிருந்தேன்.