ஆறு ஆறாய் எழுதிய இலக்கங்கள்

2007 மார்ச் 12, திங்கள்

என் மகள் கிறிஸ்டினின் கொம்பியூட்டர் மின்னலில் எரிந்துபோயிருந்தது; மெசின் திருத்தும் பொடியன் மைக்கல் அதைச் சரியாக்கிக் கொண்டுவந்தான். அவள் குண்டுவெடிப்பில் போய் இன்றைக்கு ஐந்து மாதம். அவளுடைய படங்கள், பாடிப் பதிந்த குரல் எல்லாம் அதற்குள்தான். போட்டதும் முகம் வந்தது. கூடவே மூலையில் ஒரு அறிவித்தல்.

"உள்ளுக்குப் பெரிய பலகையை மாத்தினனான் அன்ரி. அதால இது வேற மெசின் எண்டு நினைக்குது. மூண்டு நாளுக்குள்ள கொம்பனியிட்ட அனுமதி எடுக்காட்டி உள்ள விடாது."

மெசினை ஓட்டும் புரோகிராம் ஊரில் எல்லாரிடமும் கள்ளக் கொப்பியாம். அதுகள் ஒன்றும் கேட்காதாம். "உங்கட மகள்தான் காசு குடுத்து நல்லதை வாங்கினவ."

நேர்மையாய் இருந்ததற்கு இதுவா?

மார்ச் 13

இன்ரநெற் இல்லாதவர்கள் ஃபோனில் கேட்கலாமாம். திரையில் வந்த இலக்கங்களை ஒரு கடதாசித் துண்டில் எழுதினேன் – ஆறு ஆறாய் ஒன்பது கூட்டம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மூன்று தரம் சரிபார்த்தேன்.

மார்ச் 14

கடைசி நாள். காசு குடுத்து ஃபோன் பேசும் ஜமால்தீனின் கொமினிகேசன் கடைக்குப் போனேன். அவருக்கு இங்கிலீசு தெரியும். துண்டைக் கண்டதும் முகம் மாறியது.

"என்னக்கா இது? இந்தச் சண்டைக் காலத்தில இப்பிடி இலக்கம் வாசிச்சா, ஒட்டுக் கேக்கிறவன் கொம்பியூட்டர் எண்டா நினைப்பான்?"

"என்ர பிள்ளையின்ர குரல் தம்பி."

பெருமூச்சு விட்டு, கொம்பனிக்கு ஃபோன் எடுத்து வாசித்தார். அந்தப் பக்கத்துப் பெண் பதிலுக்கு ஏழு கூட்டம் சொன்னாள். அவர் உரத்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாங்கிலில் குந்தியிருந்து ஒருவர் ஃபோனுக்கு முறை பார்த்துக் காத்திருந்தார். ஃபோன் எடுக்காமலே எழும்பிப் போனார்.

வீட்டில் இலக்கங்களைத் தட்டினேன். ஏற்றுக்கொண்டது. இரண்டு தரம் பாட்டுக் கேட்டேன்.

அந்த ஆள் ஏன் போனார்?

மார்ச் 15

ஜமால்தீனின் கடை பூட்டு.

மார்ச் 16

அவர் மனைவி ரபீக்கா வந்தா. "நேத்து விடிய ஆமிக்காரர் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போட்டாங்கள் அக்கா. அந்த இலக்கம் ஆருக்குச் சொன்ன ரகசியம் எண்டு கேக்கிறாங்களாம். உங்கட பேரை அவர் இன்னும் சொல்லேல்ல."

இன்னும்.

துண்டை அடுப்பில் போட்டால் முடிந்தது. போட்டா அந்த மனுசன்? கர்த்தரே, நான் என்ன செய்ய? துண்டைக் காட்டினா நம்புவாங்களோ? மெசினையும் காட்டத்தான் வேணும்.

மார்ச் 17

ஓட்டோவில் மெசினை ஏற்றி ஆமி முகாமுக்குக் கொண்டுபோனேன். பெட்டியில் ஒட்டியிருந்த கொம்பனி அனுமதிச் சீட்டையும் துண்டையும் காட்டினேன். தமிழ் தெரிந்த அதிகாரி போட்டுப் பார்த்தார். அந்த அறையில் கிறிஸ்டின் சிரித்தாள்.

"ஆர் இது?"

"மகள். செத்திட்டாள்."

மெசினை நிறுத்தினார். பிறகு சொன்னார்: "மெசின் இங்க இருக்கட்டும். நீங்க போங்க."

மார்ச் 21

ஜமால்தீன் வந்துவிட்டார். வலது கையில் துணி சுற்றியிருக்கிறது. ஃபோனுக்கு மேலே புது மட்டை: 'இலக்கங்கள் வாசிக்க வேண்டாம்.'

"எப்பிடித் தம்பி?" என்றேன். "நீங்க வராட்டி நான் இல்லை அக்கா. இனி வராதேங்கோ" என்றார்.

ஏப்ரல் 9

மெசின் வரவில்லை. கேட்கப் போகப் பயம். மேசையில் அது இருந்த இடத்தை இன்னும் துடைக்கிறேன்.

ஏழு கூட்டமும் மனப்பாடம். செபமாலை உருட்டும்போது வாயில் அதுதான் வருகிறது. றோட்டில் ஆமிச் சப்பாத்துச் சத்தம் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுகிறேன்.